கண்ணுக்குத் தெரியும் அலைக்கற்றை

தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்ச் வரைக்கும் வந்து உட்கார்ந்த தொழில்நுட்ப வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'அலைக்கற்றை'தான். 2008ல் 2ஜி உரிமங்கள் கொடுக்கப்பட்டன. 2010ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. அதில் உத்தேச இழப்பாகச் சொல்லப்பட்ட 1.76 லட்சம் கோடிக்கு எத்தனை சைபர் என்று விரல் விட்டு எண்ணியவர்கள் ஏராளம். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. சிபிஐ செய்த மேல்முறையீட்டை 2024ல் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. வழக்கைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இங்கே அது வேண்டாம்.

கேள்வி வேறு. இத்தனை வருடம் அலைக்கற்றை, அலைக்கற்றை என்று பேசியவர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

அலையைக் கண்ணால் பார்ப்பதா, என்ன உளறல் என்று தோன்றலாம். பார்க்கலாம். பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே பார்க்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு சின்னக் கருவி, ஒரு ஓடிஜி கேபிள், ஒரு குட்டி ஆன்டெனா, ஒரு ஆப். அவ்வளவுதான்.

அந்தக் கருவியின் கதை சுவாரசியமானது. ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவியை கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காக மலிவு விலையில் விற்ற டாங்கிள் அது. உள்ளே ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்ற சில்லு. பிடித்த அலையைப் பதப்படுத்தாமல், பச்சையாக அப்படியே எண்களாக வெளியே தள்ளவும் அந்தச் சில்லுக்குத் தெரியும் என்பதை ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்ட்டி பலோசாரி கண்டுபிடித்துச் சொன்னார். எப்போது தெரியுமா? 2012 பிப்ரவரியில். தில்லியில் 122 உரிமங்கள் ரத்தான அதே மாதம்! ஓஸ்மோகாம் குழுவினர் அதற்கு இலவச மென்பொருள் எழுதினார்கள். டிவி பார்க்கும் டாங்கிள் ஒரே இரவில் ரேடியோ ஆராய்ச்சிக் கருவியாகிவிட்டது. இதைத்தான் மென்பொருள் ரேடியோ, சுருக்கமாக எஸ்டிஆர் என்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? பிகாம் பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். பழைய ரேடியோ என்பது லாப நஷ்டக் கணக்கை மட்டும் தயாரித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. எஃப்எம் ரேடியோ என்றால் எஃப்எம் மட்டும்தான், அதன் சுருளும் கண்டென்சரும் அந்த ஒரு வேலைக்கே கட்டப்பட்டவை. எஸ்டிஆர் டாங்கிள் எந்தக் கணக்கையும் முடித்துக் கொடுப்பதில்லை. ஆன்டெனாவில் விழுந்ததையெல்லாம் வரிசையாகக் குறிப்பேட்டில் பதிந்து, குறிப்பேட்டையே கையில் கொடுத்துவிடும். நொடிக்குச் சுமார் 24 லட்சம் பதிவுகள்! அதிலிருந்து பேரேடு போடுவது, இருப்புநிலைக் குறிப்பு எடுப்பது எல்லாம் மென்பொருளின் வேலை. பதிவு ஒன்றுதான். ஒரு ஆப் அதை எஃப்எம் பாட்டாக்கும், இன்னொன்று 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் அனுப்பும் தகவலைப் படித்து வரைபடத்தில் புள்ளி வைக்கும், வேறொன்று 137 மெகாஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மீட்டியர் செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படத்தைக் கோர்த்துத் தரும். கருவி மாறவில்லை, கணக்கு போடும் முறைதான் மாறியது.

இப்போது போனுக்கு வருவோம். டாங்கிளைச் செருகி, டிரைவர் ஆப்பையும் ஒரு எஸ்டிஆர் ஆப்பையும் போட்டுத் திறந்தால் திரையின் மேல் பாதியில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு துடிக்கும். கீழ்ப் பாதியில் நிறங்கள் வழிந்து இறங்கும். அதற்குப் பெயரே 'வாட்டர்ஃபால்', அருவி. 101.4க்குத் திருப்பினால் சென்னையில் எஃப்எம் ரெயின்போ ஒரு தடித்த தூணாக நிற்கும். பேச்சு நின்றால் தூண் ஒல்லியாகும், பாட்டு வந்தால் பருக்கும். 935லிருந்து 960 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்தினால் 2ஜி கோபுரங்கள் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தூண் தூணாக வரும். செய்தித்தாளில் படித்த அலைக்கற்றை இதுதான்!

இன்னும் மேலே சொல்லத் தோன்றுவது 700 மெகாஹெர்ட்ஸ். 2022 ஏலத்தில் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்பனையானது. அதில் 700 பட்டையை வாங்கியது ஜியோ மட்டும்தான். நாடு முழுவதுக்கும் போக 10, வர 10 மெகாஹெர்ட்ஸ், விலை சுமார் 39,000 கோடி. கோபுரங்கள் போனுக்குப் பேசும் பக்கம் 758க்கும் 803க்கும் நடுவில் இருக்கிறது. டாங்கிள் ஒரே நேரத்தில் காட்டுவது சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் என்பதால் அந்த அலையின் நடுவே போய் நின்றால் திரை முழுக்க ஒரே மேடு, வேறொன்றும் தெரியாது. ஓரத்துக்கு நகர்த்தினால்தான் மேடு சட்டென்று செங்குத்தாக விழுவது தெரியும். அந்த விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரைதான் அத்தனை ஆயிரம் கோடி. வயல் வரப்பைப் பார்ப்பது மாதிரி பார்க்கலாம்.

சரி, பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

1995ல் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய ஒரு வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தெளிவாகச் சொன்னது. பொதுச் சொத்து என்றால் ஏரி மாதிரி, புறம்போக்கு மாதிரி. ஏரியை யாராவது ஆக்கிரமித்தால் ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரியும். கழிவைக் கொட்டினால் மூக்குக்குத் தெரியும். அதனால்தான் மனு கொடுக்கிறான், சண்டை போடுகிறான். அலைக்கற்றை விஷயத்தில் சொத்துக்காரனுக்குச் சொத்தே தெரியாது. வித்தார்கள் என்றால் வித்தார்கள், நஷ்டம் என்றால் நஷ்டம், லாபம் என்றால் லாபம். யாரோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. போன் எஸ்டிஆர் அதைக் கொஞ்சம் மாற்றுகிறது.

ஒரு சின்ன உதாரணம். மட்டமான எல்இடி பல்பையோ போன் சார்ஜரையோ பக்கத்தில் போட்டுவிட்டு அருவியைப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வரிசையாக முளைக்கலாம். வடிகட்டியில் காசு மிச்சம் பிடித்த கம்பெனி, தன் செலவை ஊர் தலையில் கட்டுவது என்பது இதுதான். பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படிப்பது இங்கே திரையில் கோடு கோடாக ஓடும். கிழவிகள் பழைய ரேடியோவைத் தட்டி "இரைச்சலா வருதே" என்று அலுத்துக்கொண்டதற்கு அவர்கள் ரேடியோ மட்டும் காரணமில்லை.

அடுத்த ஆட்சேபம், இது ஒட்டுக்கேட்கும் வேலைதானே என்பது. இல்லை. செல்போன் உரையாடல்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, தூண் தெரியுமே தவிர உள்ளே இருப்பது தெரியாது. தெருவில் நின்று வீட்டின் அகலத்தைப் பார்ப்பதற்கும் பூட்டை உடைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பூட்டை உடைப்பவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மேலும் இந்த டாங்கிளால் ஒலிபரப்பவே முடியாது. அதன் காது மட்டும்தான் திறந்திருக்கிறது, வாய் கிடையாது. ஒலிபரப்ப ஆசைப்பட்டால் தேர்வு எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கலாம், அது தனி வழி.

ஆனால் சட்டத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. வயர்லெஸ் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்றது வெள்ளைக்காரன் காலத்து 1933 சட்டம். வீட்டு ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிய கதையைத் தாத்தாக்களிடம் கேட்கலாம். 1980களில்தான் அது ஒழிந்தது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி என்ற வாசகம் தொடர்கிறது. விலக்கு அளிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் அரசுக்கு இருக்கிறது. கேட்க மட்டுமே முடிகிற கருவிகளுக்கு விலக்கு உண்டு என்று ஒரு மாணவன் படித்தால் புரிகிற மாதிரி ஒரே வரியில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? பொதுச் சொத்தைப் பார்க்க உரிமையாளனுக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் டாங்கிள் சுமார் 24லிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகும். அதற்கு மேலே இருக்கும் 1800, 2100, 5ஜியின் 3,300 எல்லாம் எட்டாது. போன் பேட்டரியை நன்றாகக் குடிக்கும், டாங்கிளும் சூடாகும். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும். ஐபோனில் நேரடியாகச் செருகிப் பயனில்லை. முதல் நாள் பத்தில் ஒன்பது பேருக்கு வெறும் இரைச்சல்தான் வரும். ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கினால்தான் வழிக்கு வரும்.

காசு செலவழிக்கத் தயக்கமா? நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008ல் தொடங்கிய வெப்எஸ்டிஆர் இருக்கிறது. போன் பிரவுசரிலேயே திறந்து 29 மெகாஹெர்ட்ஸ் வரை இலவசமாகப் பார்க்கலாம், கேட்கலாம். ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஒரு ஆன்டெனாவை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறது. இங்கே இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு கல்லூரிக்கு ஒரு டாங்கிள் என்றால் கூட ஆண்டு விழா பேனர் செலவில் முடிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் துறைக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல் காமர்ஸ், எகனாமிக்ஸ் வகுப்புக்கும் ஒரு நாள் கொண்டுவரட்டும். ஏலக் கோட்பாடு நடத்தும் அன்று ஏலம் போன பொருளையும் காட்டினால் பாடம் மறக்காது.

அடுத்த ஏலம் வரும். மறுபடியும் டீக்கடையில் கோடிகளைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவனாவது போனை எடுத்து, "இதோ பாருங்கண்ணே, இதைத்தான் விக்கிறாங்க" என்று காட்டட்டும்.