இணையத்தளத்தின் தோற்றத்தை வாசிப்பவரும் மாற்றட்டும்

பாடசாலைக்கு இணையத்தளம் அமைக்கும் கூட்டங்களில் நேரம் எதற்குப் போகிறது என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். பச்சையா நீலமா? முகப்பில் எத்தனை படங்கள் ஓட வேண்டும்? அதிபரின் செய்தி இடப்பக்கமா வலப்பக்கமா? ஒரு டெம்ப்ளேட் தெரிவானதும் கூட்டம் முடிகிறது. தவணைப் பரீட்சை நேரசூசியைத் தேடி அந்தத் தளத்தைத் திறக்கப்போகும் உம்மாவுக்கு அந்த எழுத்து தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு தோற்றத்தை மட்டும் எல்லோர் தலையிலும் கட்டாமல், இரண்டு மூன்று தோற்றங்களை வைத்து, வருபவரே மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இது புதுமையான ஆசை அல்ல. 1994 ஒக்டோபரில் ஹோகன் வியும் லீ சிஎஸ்எஸ் என்ற வடிவமைப்பு முறையை முன்மொழிந்தபோதே, பக்கத்தை எழுதியவரின் விருப்பத்தோடு வாசிப்பவரின் விருப்பத்துக்கும் அதில் இடம் இருந்தது. உள்ளடக்கம் ஒரு கோப்பில், தோற்றம் வேறொரு கோப்பில். தோற்றக் கோப்பை மாற்றினால் ஒரு சொல்லும் மாறாமல் பக்கம் வேறாகத் தெரியும். 2003இல் டேவ் ஷே தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஸென் கார்டன்' தளம் இதைக் கண்முன்னே காட்டியது. அங்கே ஒரே எச்டிஎம்எல் பக்கத்துக்குப் பலர் விதவிதமான தோற்றங்களைச் செய்து அனுப்பினார்கள்.

ஒரு தளம் மாற்றுத் தோற்றங்களை முறைப்படி இணைத்திருந்தால், கணினியில் ஃபயர்பொக்ஸ் உலாவியின் மெனுவிலேயே அவற்றைத் தெரிவு செய்யலாம். நம்மவர்கள் அதிகம் பாவிக்கும் குரோமில் அந்த வசதி இல்லை. ஆகவே பொத்தானைத் தளமே தர வேண்டியிருக்கிறது.

விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தோற்றம் மாறியபோது பலருக்குப் பிடிக்கவில்லை. கணக்கு வைத்திருந்தவர்கள் பழைய தோற்றத்துக்குத் திரும்பினார்கள். கணக்கில்லாமல் வாசிப்பவர்களுக்கு அந்த விருப்பத்தேர்வு இருக்கவில்லை. பின்னர் எழுத்தளவையும் இருண்ட நிறத்தையும் கணக்கில்லாதவர்களும் மாற்ற வழி செய்தார்கள். நாம் எடுக்க வேண்டிய பாடம் இதுதான்: தெரிவு செய்யும் வசதியை லொகின் கதவுக்குப் பின்னால் பூட்டி வைக்கக் கூடாது.

அதற்காகப் பத்து டெம்ப்ளேட் வைக்கச் சொல்லவில்லை. ரோஜா நிறம், கடல் நிறம் என்று அடுக்கினால் அது விளையாட்டு. மூன்று போதும். ஒன்று, வழமையான தோற்றம். இரண்டு, பெரிய எழுத்தும் தெளிவான நிற வேறுபாடும் கொண்டது. உலகளாவிய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற வேறுபாட்டைக் கேட்கிறது. மூன்று, படங்களை இறக்காமல் எழுத்தை மட்டும் தரும் இலேசான தோற்றம். டேட்டா முடியும் தறுவாயில் இருக்கும் போனுக்கு அதுதான் உதவும். இருண்ட நிறம் எல்லோருக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம், கறுப்பில் வெள்ளை எழுத்து சிலர் கண்ணுக்குக் கலங்கித் தெரியும். அதனால்தான் திணிக்காமல் தெரிவு செய்ய விட வேண்டும்.

பொத்தானில் படக்குறி மட்டும் போதாது. 'பெரிய எழுத்து' என்று தமிழிலும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்க வேண்டும். செய்த தெரிவை உலாவி நினைவில் வைக்க வேண்டும். ஒரே போனை வீட்டில் நான்கு பேர் பாவிப்பதால், ஒரு தட்டலில் பழையபடி திரும்பவும் வழி வேண்டும்.

"போனில் விரலால் பெருப்பிக்கலாம்தானே?" என்பார்கள். பெருப்பித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டிவரும். தமிழில் 'ன'வும் 'ண'வும், 'ர'வும் காலும் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று மயங்கும். பெரிய எழுத்துத் தோற்றத்தில் வரிகள் திரைக்குள் தாமாகவே மடங்கி நிற்கும்.

"வேலை கூடும்" என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று தோற்றங்களிலும் திறந்து பார்க்க வேண்டும் என்பது உண்மை. பத்து வேண்டாம், மூன்று போதும் என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு தடை இருக்கிறது. நம் பாடசாலைத் தளங்கள் பலவற்றில் அறிவித்தல் எழுத்தாக இல்லை. கடிதத்தைப் போட்டோ பிடித்தோ, ஸ்கேன் செய்தோ ஏற்றிவிடுகிறார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வருகிறது. படத்துக்குள் அடைபட்ட எழுத்தை எந்த டெம்ப்ளேட்டும் பெரிதாக மடக்கித் தராது. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்த இடத்தில் ஊமையாகிவிடுகிறது. ஆகவே முதலில் யுனிகோட் எழுத்து, பிறகு தோற்றம். இந்த வரிசை மாறினால் பொத்தான் வெறும் அலங்காரம்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டெம்ப்ளேட் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு, கண்ணாடி போட்ட ஒரு வாப்பாவையோ மூத்தம்மாவையோ கூப்பிடுங்கள். அவர்களுடைய போனிலேயே தளத்தைத் திறந்து, நேரசூசியை வாசிக்கச் சொல்லுங்கள். பச்சையா நீலமா என்பதைப் பிறகு பேசலாம்.