தாய்தந்தையரிலாப் பிள்ளைகளும் சைவர் கடனும்

அநாதை என்னும் சொல் நாதனில்லாதது எனப் பொருள்படும். எல்லா உயிர்க்கும் சிவபெருமானே நாதன் எனக் கொள்ளும் சைவசித்தாந்திக்கு அச்சொல்லாற் குறிக்கப்படும் உயிர் உலகில் ஒன்றுமில்லை. ஆயினும், ஈழநாட்டில் 1983ஆம் ஆண்டு மூண்டு 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓய்ந்த போரும், இடையே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல்கோளும், வடக்கினும் கிழக்கினும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அப்பெயருக்கு உரியராக்கின. அவருட் பலர் சைவக்குடியிற் பிறந்தவர். அன்று கைக்குழந்தைகளாயிருந்தோர் இன்று வளர்ந்துவிட்டனர். எனினும் போர் விட்டுச்சென்ற வறுமை அவ்வீடுகளை விட்டு நீங்கிற்றிலது. அவ்வீட்டுப் பிள்ளைகளின் பொருட்டு எழுந்த இல்லங்களின் வாயில்களும் அடைபட்டில. இப்பிள்ளைகள் திறத்துச் சைவருட் சிலர் கூறும் கூற்று இரண்டு. வினையென்று விலகுவார் கூற்று ஒன்று; இல்லம் அமைத்தேம், கடன் கழிந்தது என்று அமைவார் கூற்று மற்றொன்று. இரண்டும் சித்தாந்தத்துக்கு மாறாதல் காட்டப்படும்.

முதற் கூற்றினர் உரைப்பது இது: "உயிர்கள் தாம்தாம் ஈட்டிய இருவினைப் பயனைத் தாம்தாமே நுகர்ந்து கழித்தல் வேண்டும். பெற்றோரை இழத்தல் அப்பிள்ளைகளின் பிராரத்தம். இடையிற் புகுந்து அதனைத் தடுத்தல் இறைவன் ஆணைக்கு மாறாகும்." இது கேட்டற்குச் சித்தாந்தம் போலத் தோன்றும். உண்மையிற் சித்தாந்தச் சொற்களைப் போர்த்துக்கொண்டு நிற்கும் உலோபமே இஃதென்க.

என்னை? வினை சடம். அறிவில்லாத அது, தன்னைச் செய்த உயிரைத் தானே தேடிச் சென்று பற்றமாட்டாது. அறிந்து கூட்டுவான் இறைவன். அவன் கூட்டுவதும் ஒறுத்தல் கருதியன்று. உயிர் மலநீக்கம் பெறுதல் கருதியே. துன்பத்தைக் கூட்டுதல் அருளாயின், அத்துன்பம் நீக்குவாரைக் கூட்டுதலும் அவ்வருளே. ஒரு பிள்ளையின் பசி அதன் பிராரத்தமாயின், அப்பசி கண்டு சோறிட வந்த கையும் அதன் பிராரத்தமேயன்றோ? தீவினையே போல நல்வினையும் பயன் தரும் என்பதை இவர் மறந்தனர். எவ்வினை எப்போது முடியும் என்பதை முற்றுணர்வினனாகிய இறைவன் ஒருவனே அறிவான். சிற்றறிவுடைய உயிர், "இப்பிள்ளைக்கு இன்னும் பசியே விதிக்கப்பட்டது" என்று எக்கருவி கொண்டு அறிந்தது?

இன்னும், கண்டு விலகுதலும் ஒரு செயலே. மனம் வாக்குக் காயங்களால் இயற்றப்படுவது ஆகாமியமாய் ஏறும் என்பது சாத்திரம். பிள்ளையின் பிராரத்தத்தை எண்ணி விலகுவான் தன் ஆகாமியத்தை எண்ணினானல்லன். அன்றியும், தன் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டவிடத்து இவன் "வினை நுகர்ந்து கழியட்டும்" என்று திண்ணையில் அமர்ந்திருப்பானா? நள்ளிரவாயினும் மருத்துவனைத் தேடி ஓடுவான். தன் பிள்ளைக்கு மருந்தும் பிறர் பிள்ளைக்கு வினைக்கொள்கையும் வகுக்கும் நூல் சைவத்தில் யாண்டும் இல்லை.

சான்று வேண்டுவார் திருத்தொண்டர் புராணத்தை நோக்குக. திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் இறந்தபின் எஞ்சினோர் திலகவதியாரும் அவர் தம்பியார் மருணீக்கியாரும். திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்து, தம்பியார் பொருட்டு அத்துணிவை விடுத்து, மனையிலிருந்து அவரை வளர்த்தார். அப்பிள்ளையே பின்னாளில் திருநாவுக்கரசர் ஆயினார். பெற்றோரை இழந்து, போரினாலும் இழப்புற்ற ஒரு குடியிற் பிள்ளையைத் தமக்கை தாங்கியதனால் விளைந்த பயன் இது. "இஃது இவன் வினை" என்று அம்மையார் ஒழிந்திருப்பின், வினைபேசும் இவ்வன்பர்கள் இன்று ஓதுதற்குத் தேவாரத்துள் மூன்று திருமுறை இரா.

இனி, இரண்டாங் கூற்றினர் விலகுவாரினும் நல்லர், பொருள் கொடுத்தவர். அதனால் அவர் பிழை நுண்ணியது, விளைவாற் பெரியது. அவர் கூறுவது, "பிள்ளைகட்கு இல்லம் கட்டினோம், உணவும் உடையும் கல்வியும் அங்கே உள, வேறென் வேண்டும்?" என்பதாம்.

அவ்வில்லங்களில் இருப்போர் யாவர் என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும். இலங்கையிலுள்ள சிறுவர் இல்லங்களை ஆராய்ந்து சேவ் த சில்ரன் நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, தனியார் இல்லங்களில் இருந்த பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். பலர் அங்கு வந்தமைக்கு ஏது வறுமையே. போர் ஓய்ந்தபின், 2010ஆம் ஆண்டில், போரால் கணவரை இழந்த பெண்டிர் வடக்கில் 40,000 பேரும் கிழக்கில் 49,000 பேரும் உளர் என இலங்கை அரசின் துணை அமைச்சர் ஒருவர் அறிவித்தார். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு உண்மை விளங்கும். பிள்ளை இழந்தது தந்தையை. தாயையும் இழக்கச் செய்தது வறுமை. அவ்விழப்புக்கு இடமாய் நின்றது அறத்தின் பெயரால் எழுந்த கட்டடம்.

"தாயே தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகின்றாள், யாம் கவர்ந்தேமல்லேம்" எனின், அறிந்தாம் எனற்க. அரிசி இல்லத்தில் இருக்கின்றது. அவள் அடுக்களையில் இல்லை. பிள்ளை அரிசியுள்ள இடத்துக்கு விடப்படுகின்றது. அரிசி அவள் அடுக்களைக்குச் சென்றிருப்பின் பிள்ளை பெயர்ந்திராது. மதிலுக்கும் கூரைக்கும் காவலுக்கும் பெயர்ப்பலகைக்கும் ஆகும் பொருளைத் தாய்க்கோ, அம்மம்மாவுக்கோ, பெரியம்மாவுக்கோ திங்கள்தோறும் அளித்தால், பிள்ளை தன் பாயிலேயே உறங்கும். அவ்வறத்துக்குத் திறப்புவிழா இல்லை என்பது ஒன்றே குறை.

இக்கேடு ஈழத்துக்கே உரியதன்று. 1975 முதல் 1979 வரை நிகழ்ந்த கொடுங்கோலாலும் அதன்பின் நீண்ட போராலும் அழிந்த கம்போடியாவில், அமைதி வந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னர் இல்லங்கள் குறைதற்கு மாறாகப் பெருகின. 2005ஆம் ஆண்டில் 154 ஆக இருந்தவை 2010ஆம் ஆண்டில் 269 ஆயின. அவற்றில் வாழ்ந்த பிள்ளைகளுள் நால்வரில் மூவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இருந்தனர். பெற்றோரிலாப் பிள்ளைகள் மிகுந்தமையால் இல்லங்கள் மிகவில்லை. அயல்நாட்டார் கண்டு இரங்கிக் கொடுக்கும் பொருள் மிகுந்தமையால் மிக்கன. ஈகை ஆராய்ச்சியின்றிச் செல்லுமிடத்து அநாதைகளை அதுவே உண்டாக்கும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

உணவும் உடையும் அமைந்தால் போதாதோ எனின், போதா. இரண்டாம் உலகப்போரின் பின் வீடிழந்த பிள்ளைகளின் நிலையை உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர், 1951ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தாயோ தாய்போல்வாரோ இடையறாது அளிக்கும் அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என நிறுவினார். வறுமை ஒன்றையே ஏதுவாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்தினின்றும் பிரித்தலாகாது என்பது ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டு ஏற்ற நெறிமுறை. திலகவதியார் திருமனையில் நிகழ்ந்ததையே இவை வேறு மொழியிற் கூறுகின்றன.

அங்ஙனமாயின் இல்லமே வேண்டாவோ எனின், அற்றன்று. சுற்றத்தார் ஒருவரும் இல்லாதாரும், சொந்த வீட்டிலேயே தீங்குறுவாரும் உளர். அவர்க்கு இல்லம் வேண்டும். 2008ஆம் ஆண்டு சிவபதம் எய்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தைச் சார்ந்து பெண்பிள்ளைகட்கு இல்லம் நடத்தி, கோயில் எதற்கு உரியது என்பதைச் செயலாற் காட்டினார். ஆயினும் இல்லம் இறுதிப் புகலாதல் வேண்டும். முதல் வாயிலாதல் கூடாது. அங்கும் உடன்பிறந்தாரைப் பிரித்தலாகாது. உறவினர் வரவைத் தடுத்தலாகாது. பிறந்தநாட் சோறு கொணர்ந்த செல்வர்முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நன்றி பாடுவித்து நிழற்படம் எடுத்தல் ஒருகாலும் ஆகாது. சோற்றுக்கு விலையாக ஒரு பிள்ளையின் நாணத்தை வாங்குதல் அறமன்று; வாணிகம்.

பிறசமயத்தார் இல்லங்களிற் சைவப்பிள்ளைகள் சேர்கின்றனரே என்று சினந்து எழுதுவாரும் உளர். பசித்து வந்த பிள்ளைக்குக் கதவு திறந்தாரைப் பழித்தல், அடைத்திருந்தார்க்கு அழகன்று. தம் கதவைத் திறத்தலே அதற்கு விடை.

இனிச் செய்யக்கடவது யாது? ஒவ்வொரு சைவக்கோயிலின் தருமகருத்தாவும், ஆண்டுத் திருவிழாவுக்குக் கொடியேற்ற நாட்குறிக்கு முன்னர், தம் ஊரெல்லையில் தந்தையில்லாப் பிள்ளை எத்தனை, அவரைத் தாங்கும் தாயும் பாட்டியும் எவர் என்று அறிந்திருத்தல் வேண்டும். கோயில் வருவாயில் ஒரு பங்கு, திருப்பணிக்கெனக் கடல்கடந்து வரும் பொருளில் ஒரு பங்கு, அவ்வீடுகளுக்குத் திங்கள்தோறும் தவறாது செல்லல் வேண்டும். இராசகோபுரம் ஓராண்டு தாழ்த்து எழுந்தால் இறைவனுக்கு இழுக்கில்லை. பிள்ளைப்பருவம் ஓராண்டு கழிந்தால் மீண்டு வாராது.

திருச்சிற்றம்பலம்.