குடிநீர்க் கிணற்றுக்கு வேலி வேண்டும்

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தைக் கைவிட்டது. ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் பெய்திருக்க வேண்டிய பருவத்தில் 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. தொடர்ந்து வந்த கோடையில் அரசு செய்தவை நாம் நன்கறிந்தவையே: இருக்கும் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது, பக்கத்திலேயே புதிதாக ஒன்று தோண்டுவது, அதுவும் பொய்த்தால் லாரியில் நீர் அனுப்புவது. பொதுக் கிணற்றின் நீர் எங்கே போயிற்று என்ற கேள்வியை மட்டும் அன்றும் எவரும் எழுப்பவில்லை, இன்றும் எழுப்புவதில்லை.

தமிழகத்தின் முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் இருப்பது கடும்பாறை. அதன் மேற்பகுதியில் சிதைந்து நெகிழ்ந்த அடுக்கு ஒன்று உண்டு. மழைநீர் பெரும்பாலும் தங்குவது அங்கேதான். அதற்குக் கீழே இறங்க இறங்க, பாறை வெடிப்புகளில் கசியும் சிறிதளவு நீரே மிஞ்சும். ஊராட்சியின் கைப்பம்புக்கு அருகில், அதைப் போலப் பல மடங்கு ஆழத்துக்குத் தனியார் ஒருவர் துளையிட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினால், மேலடுக்கின் நீர் வெடிப்புகள் வழியே அந்தத் துளையை நோக்கி வடிகிறது. கைப்பம்பு வெறும் காற்றை உமிழ்கிறது. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் ஊழியர் கால் மணி நேரம் மோட்டாரை ஓட்டி, குழாயில் காற்று வரத் தொடங்கியதும் நிறுத்தி, ஊற்று ஊறட்டும் என்று காத்திருக்கிறார். தெருக்குழாயில் எந்நேரம் நீர் வரும் என்று அவராலேயே சொல்ல முடியாதபோது, வரிசையில் குடத்தை வைத்துவிட்டு உறங்காமல் கிடக்கும் பெண்களுக்கு யார் சொல்வது?

ஆழம் தீங்கையும் உடன் கொண்டுவருகிறது. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரில் ஃபுளோரைடு கூடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது. அந்த அளவு மீறிய நீரைக் குடித்துப் பற்கள் கறைபட்டு, எலும்புகள் வளைந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் துயரைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. அத்தகைய திட்டங்களை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஆற்றை நம்பிய குழாய், ஆறு வறண்டால் தானும் வறளும். உள்ளூர் ஊற்றைக் கைவிட்ட ஊருக்கு அந்நாளில் போக்கிடம் இராது.

2017-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில், தமிழகத்தின் 1,166 குறுவட்டங்களுள் 462-இல் ஆண்டுதோறும் ஊறுவதைக் காட்டிலும் மிகுதியாக நீர் இறைக்கப்படுவது தெரியவந்தது. இதற்கு உழவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் உடன்பட மாட்டோம். கடன் வாங்கித் துளையிட்டுப் புகை மட்டுமே கண்டு மனமுடைந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே. குற்றம் சட்டத்தின் வெறுமையில் இருக்கிறது. நிலம் எவருடையதோ, அதன் அடியிலுள்ள நீரை எடுக்கும் உரிமையும் அவருடையதே என்பது 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழங்கிய கருத்து. மாட்டுக் கவலையில் இறைத்த காலத்துக்கு அது தீங்கின்றிப் பொருந்தியிருக்கலாம். ஆயிரம் அடி துளையிட்டு, இரவும் பகலும் லாரிகளில் நீரை நிரப்பி விற்பவருக்கும் இன்று அதுவே அரண்.

இந்த வெறுமையை நிரப்ப 2003-இல் நம் சட்டமன்றம் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. பத்தாண்டுகள் அது நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-இல் நீக்கப்பட்டது. அந்த இடைவெளியில் இரு பெருங்கட்சிகளும் ஆட்சி செய்தன. ஆகவே இப்பழியிலிருந்து இரண்டில் ஒன்றும் தப்ப இயலாது.

மகாராட்டிரம் 1993-இலேயே, பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் இசைவின்றிக் கிணறு தோண்டலாகாது என்று குடிநீருக்கெனவே சட்டம் செய்தது. பஞ்ச காலத்தில் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் நீர் இறைப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் ஆட்சியருக்கு அதில் இருந்தது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்க, மராத்வாடாவில் கரும்பு பெருகியது, துளைகள் பெருகின, 2016 ஏப்ரலில் மிரஜ் நகரிலிருந்து லாத்தூருக்கு இரயிலில் குடிநீர் அனுப்ப நேர்ந்தது. சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பை மாவட்டத் தலைநகரின் கோப்புகளில் அடைத்து வைத்தால் விளைவது இதுதான். துளையிடும் வண்டி ஊருக்குள் நுழைவதை முதலில் காண்பது ஊராட்சிதான். அதைத் தடுக்கும் அதிகாரமும் ஊராட்சியிடமே இருக்க வேண்டும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயிலேயே தர உறுதி கூறுகிறது. குழாய்கள் பதிக்கப்பட்டுவிட்டன, அவற்றுக்கு நீரூட்டும் கிணறுகளுக்கோ காவல் இல்லை. எனவே, ஒவ்வோர் ஊராட்சியின் குடிநீர் ஆதாரத்தையும் அளந்து பதிவு செய்து, அதைச் சுற்றிக் காப்பு எல்லை வகுக்கும் சட்டத்தை அரசு இயற்ற வேண்டும். அவ்வெல்லைக்குள் நீர் வணிகம் எக்காலத்தும் கூடாது. வறட்சி அறிவிக்கப்பட்ட நாள் முதல் பாசன இறைப்பையும் நிறுத்திவைக்க நேர்ந்தால், கருகும் பயிருக்கு உரிய இழப்பீட்டை அந்தப் பருவத்துக்குள்ளாகவே உழவர் கையில் சேர்க்க வேண்டும். இச்சட்டத்தின் முன்வடிவு, அடுத்த கோடை பிறக்குமுன் சட்டமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.