ரோல்காலில் பத்து நிமிடம்



போன மாதம் ஒரு அக்காவோடு காவல் நிலையம் போயிருந்தேன். தெருக்குழாயில் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, குடத்தை எட்டி உதைத்திருக்கிறார்கள். பாராவில் நின்ற காவலருக்கு நம் வயதுதான் இருக்கும். "பிசிஆர் கேஸா? டிஎஸ்பி ஐயா வந்து விசாரிச்சாத்தான் எஃப்ஐஆர் போட முடியும்க்கா. இப்ப சிஎஸ்ஆர் வாங்கிட்டுப் போங்க" என்றார். (1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் நிலையங்களில் பழைய சட்டத்தின் பெயர்தான் ஓடுகிறது.)

அவர் முகத்தில் வன்மம் இல்லை. அப்படித்தான் சட்டம் என்று நம்பியிருந்தார்.

புலன்விசாரணை செய்பவர் டிஎஸ்பி பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆவது விதி. வழக்கைப் பதிவு செய்ய அவர் வரத் தேவையில்லை. முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை என்கிறது 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு. வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகல் கொடுப்பது கடமை. வேண்டுமென்றே தவறும் தலித், பழங்குடி அல்லாத அதிகாரிக்கு 4ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் அதற்கு முதலில் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். அந்த வாசலைத் தாண்டுவது எளிதல்ல.

இதையெல்லாம் அந்தக் காவலருக்கு யார் சொல்வது? தினமும் ரோல்கால் நடக்கிறது. பாரா, ரோந்து, கோர்ட், பந்தோபஸ்து என்று டூட்டி பிரித்து, தாமதமாக வந்தவரைத் திட்டி, கலைத்துவிடுகிறார்கள். "காலனிப் பக்கம் ஒரு கண்ணு வைங்க" என்று சிரித்துச் சொல்வதும் அந்த வரிசையில்தான். அதைக் கேட்டுக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே சீருடையில் நிற்கிறார்கள்.

அதில் பத்து நிமிடம் போதும். இன்ஸ்பெக்டர் உரையாற்ற வேண்டாம். நேற்று வந்த ஒரு புகாரை எடுத்து, "பாராவில் நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்கட்டும். இன்று தலைமைக் காவலர், நாளை புதிதாக வந்த பெண் காவலர் என்று மாறி மாறி நடத்தட்டும். அத்தனை பேர் முன்னால் "பதிவு பண்ணு" என்று அதிகாரி சொல்லிவிட்டால், "சமாதானமாப் போயிடுங்க" என்று ரைட்டர் இழுப்பது கஷ்டம்.

"போலீசுக்கே பாடம் எடுக்கப் போறியா?" என்று ஒரு தோழர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் இதைக் கோரிக்கையாக வைக்கப் போகிறோம்.

அன்று 18ஏ பிரிவை என் செல்பேசியில் அந்தக் காவலரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இத எங்களுக்கு யாரும் சொல்லல" என்றார். எஃப்ஐஆர் நகல் கைக்கு வரும்போது இரவு ஒன்பதரை.