ஓடிபி களவு போகும் வழியை அடைப்போம்: கைப்பேசி வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்



எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. சரிதான். ஆனால் நாம் வாயே திறக்காவிட்டாலும் அது களவு போக வழி இருக்கிறது.

தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற முறை 1970-களில் உருவானது. அன்று இருந்தவை சில நிறுவனங்களே. பெரும்பாலும் அரசுத் துறைகள். ஒன்றையொன்று நம்பியதால், வரும் தகவல் மெய்யா பொய்யா என்று சரிபார்க்கும் ஏற்பாட்டை அதில் வைக்கவில்லை. நீங்கள் சிங்கப்பூரில் இறங்கியதும், "உங்கள் வாடிக்கையாளர் இப்போது எங்களிடம் இருக்கிறார்" என்று அங்குள்ள நிறுவனம் இங்குள்ள நிறுவனத்துக்குத் தெரிவிக்கும். அதன்பின் உங்கள் எஸ்எம்எஸ் அந்த வழியாகவே வரும். எஸ்எஸ்7-க்குள் நுழைந்த ஒரு திருடன் இதே தகவலைப் பொய்யாக அனுப்பினால், நீங்கள் மதுரையில் வீட்டில் இருக்கும்போதே உங்கள் ஓடிபி அவனுக்குப் போய்விடும்.

2014 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டோபியாஸ் எங்கல், கார்ஸ்டன் நோல் என்ற ஆய்வாளர்கள் இந்த ஓட்டைகளை மேடையில் விளக்கிக் காட்டினார்கள். 2017-இல் அதே நாட்டில், வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களை முன்பே திருடி வைத்திருந்த கும்பல், இவ்வழியில் எஸ்எம்எஸ்களையும் திருப்பிவிட்டுப் பணத்தை எடுத்தது. ஆய்வாளர்கள் வெளியே சொன்னதால்தான் பல நிறுவனங்கள் பொய்த் தகவல்களைத் தடுக்கும் வடிகட்டிகளை அமைத்தன. 5ஜி-யின் வரையறையில் நிறுவனங்களுக்கு இடையே காவல் வாயிலும் சேர்ந்தது. ஆனால் பழைய முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலோ, நல்லெண்ணத்தோடு ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இல்லை. வழக்குக்குப் பயந்து ஆய்வாளர் வாய் மூடினால் லாபம் திருடனுக்கே.

ஆகவே உங்களிடம் கேட்பது மூன்று:

1. வங்கிச் செயலியில் எஸ்எம்எஸ் இல்லாமல் உறுதிசெய்யும் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

2. நீங்கள் எடுக்காத பணம் கணக்கில் குறைந்திருந்தால், உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்; வங்கிக்கும் சொல்லுங்கள்.

3. ஓட்டையைப் பொறுப்போடு தெரிவிக்கும் ஆய்வாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.

முதல் இரண்டும் உங்கள் பணத்தைக் காக்கும். மூன்றாவது எல்லோர் பணத்தையும் காக்கும். அந்தக் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பொறியாளர்கள், கணினி ஆசிரியர்கள், மாணவர்கள்