கேஸ் ஷீட்டில் இல்லாத கால் மணி நேரம்

தாத்தாவையோ பாட்டியையோ மருத்துவமனையில் பறிகொடுத்த குடும்பத்தார் செவிலியரைப் பற்றிப் பேசும்போது, நேரத்துக்கு டிரிப்ஸ் மாற்றியதையோ ஊசி போட்டதையோ பெரும்பாலும் சொல்வதில்லை. “தாத்தா, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுத்துக்கலாமா” என்று கேட்டுத் திருப்பிப் படுக்கவைத்ததையும், தண்ணீர் இறங்காத நிலையில் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டதையும், பேரன் வந்துசேரும்வரை அந்தச் சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததையும்தான் பல ஆண்டுகள் கழித்தும் சொல்கிறார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் காய்ச்சல், ரத்த அழுத்தம், மருந்து கொடுத்த நேரம் எல்லாம் இருக்கும். கையைப் பிடித்திருந்த கால் மணி நேரம் இருக்காது. பதிவில் இல்லாத வேலைக்கு எந்த நிர்வாகமும் ஆள் ஒதுக்காது. நாம் உருகி உருகி நன்றி சொல்லும் வேலை கணக்கிலேயே வராத வேலையாக இருப்பது நியாயமில்லை.

இதை மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் கருணை என்று ஒதுக்கவும் முடியாது. லண்டனில் 1967-ல், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகப் பயின்று, பின்பு மருத்துவரானவர். இறக்கும் மனிதரின் வலியில் உடலோடு மனமும் உறவும் அச்சமும் சேர்ந்தே இருக்கின்றன என்று அவர் வலியுறுத்தினார். இன்றைய வலி தணிப்புச் சிகிச்சை அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. கனடாவின் வான்கூவரில் ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. இறுதி மணி நேரங்களில், நினைவு தப்பிய சிலரின் மூளைகூட ஒலி மாற்றங்களுக்கு எதிர்வினை காட்டியது. சொன்னது புரிந்ததா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் கண் திறக்காத பாட்டியிடம் “இதோ, உங்க மக வந்துட்டாங்க” என்று காதருகே சொல்லும் செவிலியர் வீண் வேலை செய்யவில்லை என்று நம்ப இது போதும்.

ஆறுதல் சொல்வது குடும்பத்தின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மகனால் அதை எப்படிச் செய்ய முடியும்? வார்டுக்குள் இருந்தாலும், தொண்டையில் சளி கரகரக்கும்போது எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது என்று அவனுக்குத் தெரியாது; தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அவன் பயம் தணியும். பிழைக்கக்கூடியவரை விட்டுவிட்டு இறப்பவர் அருகில் உட்கார முடியுமா என்பது அடுத்த கேள்வி. அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்தைச் செவிலியர் மீது சுமத்துவது ஆள் பற்றாக்குறை. பொது வார்டுகளில், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆனால் முழு வார்டையும் ஒரே செவிலியர் பார்க்கும் இரவுகள் இங்கே அபூர்வமல்ல. தமிழ்நாட்டில் 2015-ல் தேர்வெழுதிச் சேர்ந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் ரூ.7,700. பின்னர் அது உயர்ந்தது என்றாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் மீண்டும் மீண்டும் போராட வேண்டியிருந்தது.

அன்பை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது, எழுதச் சொன்னால் அதுவும் இன்னொரு படிவமாகிவிடும் என்ற எதிர்வாதத்தில்தான் வலு அதிகம். உண்மை, அன்பைப் பட்டியலிட முடியாது. ஆனால் அது வெளிப்படுவதற்கான நேரத்தைப் பட்டியலிடலாம். கோழிக்கோட்டில் 1993-ல் சிறு முயற்சியாகத் தொடங்கிய வலி தணிப்புப் பணி, கேரளத்தில் 2008-ல் அரசுக் கொள்கையாகி, இன்று உள்ளாட்சிகளின் செவிலியர்கள் வீடு தேடிப் போகும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வலி தணிப்புச் சிகிச்சை உண்டு. வீட்டில் இதற்கென்று நேரம் ஒதுக்க முடிகிறபோது வார்டில் ஏன் முடியாது?

ஆகவே நன்றி சொல்ல நினைக்கும் குடும்பங்கள் இனிப்புப் பெட்டியோடு நின்றுவிட வேண்டாம். எந்த வார்டு, எந்த இரவு, அந்தச் சிஸ்டர் என்ன செய்தார் என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தச் சிஸ்டரின் பணிக் கோப்பில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் இருந்தார்கள் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.