விரலில் மை இருக்கட்டும்!



2012 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, ‘அப்துல் கலாம் மீண்டும் வர வேண்டும்’ என்று இணையத்தில் இளைஞர்கள் ஆதரவு திரட்டினார்கள். எங்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் அல்லவா, எனக்கும் ஆசைதான்! ஆனால், வெல்லும் அளவுக்குக் கட்சிகளின் ஆதரவு சேரவில்லை, கலாம் போட்டியிடவில்லை. பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவரானார்.

இளைஞர்களின் ஆசை ஏன் நிறைவேறவில்லை? குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான். எங்கள் மல்லாங்கிணறு இருக்கும் திருச்சுழி தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அதில் வாக்கு உண்டு. அந்தத் தேர்தலில் தமிழக எம்.எல்.ஏ. ஒருவரது வாக்கின் மதிப்பு 176. அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது யார்? உங்கள் அம்மா, அப்பா போன்ற வாக்காளர்கள்தான்!

நல்லவரைப் பிடிக்கும் என்று சொன்னால் மட்டும் போதாது, செல்லங்களே. 18 வயதானதும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள், தவறாமல் வாக்களியுங்கள். கணினியில் தட்டும் விரலில் வாக்குச்சாவடி மையும் இருக்கட்டும்!